பழைய பொருள் ஏலமும் தபால் செலவுத் தகராறும்: நாகர்கோவிலிலிருந்து விற்கும் ஒருவரின் அனுபவம்

ஏலத்தில் விலையைப் பற்றிச் சண்டை வருவது அபூர்வம். கேட்ட விலையைக் கொடுக்க ஆள் தயாராகத்தான் இருப்பார். சண்டை எல்லாம் அதற்கடுத்த கேள்வியில்தான் வரும்: "அனுப்புற செலவு எவ்வளவுண்ணே?" பல வருடங்களாக நாகர்கோவிலில் இருந்துகொண்டு வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழு ஏலங்களில் பழைய தபால்தலை, கேசட், ரேடியோ, உருளி, ஊறுகாய்ப் பரணி என்று விற்று வருகிறேன். பொருள் போலி என்று வந்த புகார்களைவிட, தபால் செலவு அதிகம் என்று வந்த புகார்கள்தான் எனக்கு அதிகம். புதிதாக விற்க வருகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் தபால்தலை. திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த ஊர்கள் என்பதால் தக்கலை, குளச்சல் பக்கம் பழைய வீடுகளில் இன்றும் சங்கு முத்திரைத் தலைகள் ஒட்டிய கடிதக் கட்டுகள் கிடைக்கும். 1888இல் தொடங்கிய வரிசை அது. சமஸ்தானத்து அஞ்சல் 1951இல் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்துவிட்டது. இந்தத் தலைகளில் சாதாரணமானவை ஏலத்தில் நாற்பது ஐம்பது ரூபாய்க்கு மேல் போகாது. முன்பெல்லாம் பதிவுத் தபாலில் போட்டால் வரியோடு சுமார் 26 ரூபாயில் முடிந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். அக்டோபர் 1இல் ஸ்பீட் போஸ்ட் கட்டணமும் மாறியது. 50 கிராமுக்குள் இருக்கும் கவர் உள்ளூரைத் தாண்டினால் 35 ரூபாயாக இருந்தது 47 ஆனது. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 55 ரூபாய்க்கு மேல். பெறுபவர் கையில் மட்டும் கொடுக்க வேண்டும் என்றாலோ, ஓடிபி சொன்னால்தான் கொடுக்க வேண்டும் என்றாலோ அதற்கு ஐந்து ஐந்து ரூபாயும் வரியும் தனி.

ஆக ஐம்பது ரூபாய்த் தலைக்கு ஐம்பத்தைந்து ரூபாய் தபால். வாங்குபவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். "பொருளைவிட வண்டிச்சத்தம் கூடுதலா இருக்கே" என்று ஒருவர் எழுதினார். வண்டிச்சத்தம் என்றால் எங்கள் பக்கம் வண்டிக்கூலி. அதற்குப் பதில் கட்டணப் பட்டியலைக் காட்டுவதல்ல, கட்டணத்தைப் பங்கு போட வழி செய்வது. ஒரு ஏ4 தாள் ஏறக்குறைய 5 கிராம்தான். அட்டை, பிளாஸ்டிக் உறை, கவர் எல்லாம் சேர்த்தாலும் 50 கிராமுக்குள் ஏராளமான தலைகள் அடங்கும். அதனால் ஜெயித்த தலைகளை ஒரு மாதம் வரை என்னிடமே சேர்த்து வைக்கலாம், மாதக் கடைசியில் ஒரே கவரில் அனுப்புகிறேன் என்று ஏல அறிவிப்பிலேயே எழுத ஆரம்பித்தேன். தபால்தலை விஷயத்தில் தகராறு அதோடு நின்றது. ஒருவரே திரும்பத் திரும்ப ஏலம் கேட்கவும் இது காரணமாகிவிட்டது.

பெரிய பொருளுக்கு வந்தால் கதையே வேறு. அங்கே எடை மட்டும் கணக்கில்லை, பெட்டியின் அளவும் கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொள்வது பல கூரியர்களின் வழக்கம். உண்மை எடை, இந்தக் கணக்கு எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில். வாங்குபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது. விற்பவர்களிலும் பலருக்குத் தெரியாது.

ஒரு பரணியை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி காலத்து மாங்காய் ஊறுகாய் போட்ட, தோள் பகுதி தேன் நிறத்தில் பளபளக்கும் பெரிய பரணி. சேலத்துக்காரர் ஒருவர் ஏலத்தில் எடுத்தார். மூடியைத் தனியாகச் சுற்றி, வயிற்றுப் பகுதிக்கு பபிள் ராப் நாலு சுற்று, வாய்க்குள் கசக்கிய செய்தித்தாள், அடியிலும் நாலு பக்கமும் தெர்மகோல். இப்படி வைத்தால்தான் உடையாமல் போகும். பெட்டி 40க்கு 40க்கு 45 சென்டிமீட்டர் வந்தது. தராசில் 6 கிலோ. கணக்கு எடையோ 14.4 கிலோ. "ஆறு கிலோவுக்கு எப்படிண்ணா இவ்வளவு? எங்க ஊர்ல இருந்து நான் அனுப்பினா பாதிதான் ஆகும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அவருக்குத் தெரிந்த கணக்கு அது. பெட்டியின் மேல் டேப்பை வைத்து அளப்பதையும், தராசில் நிறுத்துவதையும் ஒரு சின்ன வீடியோ எடுத்து, பெருக்கல் வகுத்தலையும் எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் "சரிண்ணா, புரிஞ்சுது. போட்டு விடுங்க" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து கனமான பொருளைக் கட்டி முடித்து அளந்த பிறகுதான் ஏலத்துக்கே விடுகிறேன். கட்டின பெட்டியின் படமும் அளவும் பொருளின் படத்தோடு சேர்ந்தே போகும். ஏலம் போகாவிட்டால் கட்டின வேலை வீண்தான். ஆனாலும் ஏலம் முடிந்த பிறகு நடக்கும் வாக்குவாதத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

மழையையும் சொல்ல வேண்டும். ஜூனில் ஒரு மழை, அக்டோபருக்கு மேல் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் எங்கள் மாவட்டத்தில் பெய்யும். அட்டைப்பெட்டிக்கு மேல் பாலித்தீன் சுற்றாமல் அனுப்ப முடியாது. அந்தச் செலவும் பெட்டியின் விலையும் யார் தலையில்? தபால் ரசீதில் 97 ரூபாய் என்று இருக்கும்போது 140 வாங்கினால், மிச்சம் எங்கே போனது என்று வாங்குபவர் கேட்பது நியாயம். பொருளைக் குறைந்த விலைக்கு விட்டுவிட்டுத் தபால் செலவில் லாபம் பார்க்கும் ஆட்கள் உண்டு, அதனால் வந்த சந்தேகம் இது. இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் இந்த வேலை பெருகி, 2011இல் அமெரிக்கத் தளத்தில் தபால் செலவையும் சேர்த்த மொத்தத் தொகைக்கே கமிஷன் என்று மாற்றினார்கள். நம் குழு ஏலங்களில் கமிஷனும் இல்லை, கேட்பாரும் இல்லை. அதனால் விற்பவர்தான் தபால் இவ்வளவு, கட்டும் செலவு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நான் அப்படித்தான் சொல்கிறேன். ரசீதின் படமும் அன்றே போய்விடும். அதில் எடை, தொகை, டிராக்கிங் எண் எல்லாம் இருக்கும். சொன்னதைவிடக் குறைவாக வந்தால் மிச்சத்தை ஜிபேயில் திருப்பிவிடுவேன். கூடினால் நான் ஏற்றுக்கொள்வேன்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவர் மொத்த விலையை ஒரே தொகையாகச் சொல்ல வேண்டும். டெலிவரி, தபால், கையாளும் செலவு எல்லாவற்றையும் பிரித்தும் காட்ட வேண்டும். தொழிலாக இல்லாமல், வீட்டில் கிடந்த ஒன்றிரண்டு பொருளை விற்பவருக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் வாராவாரம் ஏலம் போடுகிறவர், "நான் சும்மா பொழுதுபோக்காக விற்கிறேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? முடியக் கூடாது என்பதுதான் என் கருத்து. கடையிடம் வாங்கி ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

தென்கோடியில் இருப்பதால் தூரக் கணக்கு நமக்கு எதிராகவே போகிறது என்று மார்த்தாண்டம் நண்பர் ஒருவர் குறைப்படுவார். டெல்லிக்கு எது அனுப்பினாலும் ஸ்பீட் போஸ்ட் கட்டணப் பட்டியலில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் என்ற கடைசிப் படியில்தான் விழும், உண்மை. சென்னையே 500க்கு மேல். அதே சமயம் திருவனந்தபுரமும் கொல்லமும் 200 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். மாநிலம் மாறினாலும் கட்டணம் ஏறாது. பரணி, உருளி, நிலவிளக்கு மாதிரியான கனமான பொருளுக்கு ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் அந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் கனமானதை மலையாளக் குழுக்களில் போடுகிறேன், தபால்தலை, கேசட் போன்ற லேசானவற்றைத் தூரத்து ஊர்க்காரர்கள் இருக்கும் குழுக்களில். செலவு பற்றிய முணுமுணுப்பு பாதியாகக் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னும் தீராதது திரும்பி வரும் பொருளின் செலவு. கோயம்புத்தூருக்குப் போன ஒரு ரேடியோ, முன் கண்ணாடி விரிசலோடு போய்ச் சேர்ந்தது. நான் இன்சூரன்ஸ் போடவில்லை என்று கூரியர்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். வாங்கியவர் பொருளின் விலை, போன செலவு, திரும்பும் செலவு மூன்றையும் கேட்டார். கடைசியில் பொருளின் விலையில் பாதியை நான் திருப்பினேன், அவர் ரேடியோவை வைத்துக்கொண்டார். திருப்பி அனுப்பியிருந்தால் இரண்டு பேருக்கும் அதைவிட நஷ்டம். அந்த முடிவுக்கு வர இரண்டு வாரம் மனக்கசப்போடு பேச வேண்டியிருந்தது. உடையக்கூடிய பொருளுக்கு இன்சூரன்ஸ் வேண்டுமா, வேண்டாமா என்று ஏல அறிவிப்பிலேயே இப்போது கேட்கிறேன். வேண்டாம் என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். குழு நடத்துபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கட்டின எடையும் பெட்டி அளவும் இல்லாத பதிவை ஏலத்துக்கு விடாதீர்கள். நான் இருக்கும் ஒரு குழுவில் இதைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறார்கள். மற்றவற்றில் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.