சூப்பர்நோவாவின் வகை காண ஒரு நூறு கோட்டு கிரேட்டிங்

காட்பாடி காந்தி நகரில் என் வீட்டு மொட்டை மாடியில் நிற்பது எட்டு அங்குலத் தொலைநோக்கி. அதற்காக, மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் கொண்டு ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கிரேட்டிங் ஃபில்டர் ஒன்றை வாங்கியபோது எனக்குப் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. கேமராவின் மூக்கில் திருகிக்கொள்ளும் இந்த ஒன்றேகால் அங்குல வட்டக் கண்ணாடி, விண்மீனை ஒரு புள்ளியாகவும் அதன் ஒளியைப் பக்கத்திலேயே நீண்ட பட்டையாகவும் காட்டுகிறது, வேறெதுவும் செய்வதில்லை.

வெடித்துச் சிதறும் விண்மீனான சூப்பர்நோவாவின் வகையை அறிய அதுவே போதும். வெடித்த பொருள் விநாடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் விரிவதால், எந்தத் தனிமம் இருக்கிறது என்று அந்தப் பட்டையில் காட்டும் நிறமாலைக் கோடுகள் நூறு, இருநூறு ஆங்ஸ்ட்ராம் (அலைநீளத்தை அளக்கும் அலகு) அகலத்துக்குப் பரந்துவிடுகின்றன. என் அமைப்பில் கண்ணாடிக்கும் சென்சாருக்கும் இடைவெளி 40 மி.மீ., பிக்சல் 3.75 மைக்ரான், பிக்சலுக்கு 9 ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்று மேல் வருகிறது. சூப்பர்நோவாக்களில் 1ஏ வகையின் அடையாளமான சிலிக்கான் பள்ளம், அதாவது சிலிக்கான் ஒளியை உறிஞ்சுவதால் பட்டையில் விழும் இருண்ட பகுதி, 6355 ஆங்ஸ்ட்ராமிலிருந்து நகர்ந்து 6150 அருகே விழும் என்பதால், அந்த நகர்வு இருபது பிக்சலுக்கு மேல் தெரியும். ஹைட்ரஜன் இருந்தால் அது இரண்டாம் வகை. ஹைட்ரஜனும் சிலிக்கான் பள்ளமும் இல்லாமல் ஹீலியம் மட்டும் தெரிந்தால் 1பி, அதுவும் இல்லையென்றால் 1சி.

சரியான சோதனை 2023 மே மாதத்தில் வாய்த்தது. எம்101 விண்மீன் மண்டலத்தில் ஜப்பானின் கோயிச்சி இட்டகாகி மே 19 அன்று கண்டறிந்த 2023ஐஎக்ஸ்எஃப் என்னும் சூப்பர்நோவா, பதினோராம் பொலிவெண்ணை (எண் கூடக் கூட மங்கல்) ஒட்டிப் பிரகாசித்தது. முதல் வாரத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் வழவழப்பான நீலப் பட்டைதான். பெரிய தொலைநோக்கிகளில் பதிவான அயனியாக்கப்பட்ட ஹீலியம், கார்பன், நைட்ரஜன் ஆகியவற்றின் மெல்லிய உமிழ்கோடுகள் என் படத்தில் தெளியவில்லை. ஜூன் அமாவாசையை ஒட்டிய இரவுகளில்தான், மேகம் விட்ட இடைவெளியில், ஹைட்ரஜன் கோடு விழும் 6563 ஆங்ஸ்ட்ராமைச் சுற்றி அகன்ற மேடும் அதன் நீலப் பக்கத்தில் ஆழமில்லாத சரிவும் தெரிந்தன. இரண்டாம் வகை என்பதை நானே படித்தறிந்த அந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

குறைகளும் உண்டு. ஒரே பொருளின் ஒளியை மட்டும் உள்ளே விடும் மெல்லிய பிளவு இல்லாத அமைப்பு என்பதால் அருகிலுள்ள எதுவும் பட்டையின் மேல் வந்து விழும். அந்த சூப்பர்நோவாவுக்கு அருகிலிருந்த என்ஜிசி 5461 என்னும் ஹைட்ரஜன் முகிலின் ஒளி, சூப்பர்நோவாவின் ஹைட்ரஜனோ என்று என்னை ஒரு முறை ஏமாற்றியது. ஃபில்டரைச் சற்றுச் சுழற்றிப் பட்டையின் திசையை மாற்றிய பிறகே குழப்பம் தீர்ந்தது. மேலும், விண்மீன் எவ்வளவு கலங்கித் தெரிகிறதோ அவ்வளவு கோடுகளும் மழுங்கும். அக்கினி நட்சத்திர நாட்களில் இரவு பத்து மணிக்கும் பாதத்தைச் சுடும் தளத்திலிருந்து எழும் வெப்பக் காற்று விண்மீனைக் கலக்குவதால், பொழுது சாய்ந்ததும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றித் தணித்தேன். வேலூரில் மே மாதத் தண்ணீரை இப்படிச் செலவழிப்பதை வீட்டில் யாரும் ரசிக்கவில்லை.

நான் வாங்கிய இணையக் கடை ஃபில்டரைச் சென்சாரிலிருந்து தள்ளி வைக்கும் நீட்டிப்பு வளையத்தை அனுப்ப மறந்ததால், தொடக்கத்தில் பட்டை மிகவும் குறுகியே விழுந்தது. வாங்குவோர் அதைக் கேட்டு வாங்கவும். அலைநீளத்தை அளவுபடுத்த வேகா விண்மீனின் ஹைட்ரஜன் கோடுகள் போதும். அறிந்த சூப்பர்நோவாக்களின் நிறமாலைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஸ்னிட் (SNID) மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பதின்மூன்றாம் பொலிவெண்ணைவிட மங்கினால் என் படத்தில் இரைச்சலே மிஞ்சுகிறது. புதிதாகக் கண்டறியப்படுபவற்றில் பெரும்பாலானவை அதைவிட மிகவும் மங்கலானவை. அவற்றுக்கு ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி போன்ற பெரிய கண்கள்தான் வேண்டும்.