முதுகில் தாங்கியா, நடுவில் கீலா?

லேப்டாப்பாகவும் டேப்லெட்டாகவும் பயன்படும் டூ-இன்-ஒன் வாங்கப் போகிறவர்கள் பிராசஸர், ரேம் எல்லாவற்றையும் அலசி முடித்துவிட்டுத்தான் உடற்கட்டுக்கு வருகிறார்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். வேகம் கொஞ்சம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கீல் ஆட ஆரம்பித்தால் தினமும் எரிச்சல்.

இதில் முக்கியமாக இரண்டு வழிகள். மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் ப்ரோவில் மொத்தக் கணினியும் திரைக்குப் பின்னால் அடங்கியிருக்கும். முதுகில் ஒரு தாங்கி, கீபோர்டு காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். லெனோவோவின் யோகா பார்வைக்கு லேப்டாப்தான், ஆனால் கீல் 360 டிகிரி சுழலும். சர்ஃபேஸ் வரிசை, யோகா இரண்டுமே 2012-இல் கடைக்கு வந்தவை.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயமே. சர்ஃபேஸ் ப்ரோ 8 கீபோர்டு இல்லாமல் 891 கிராம். அத்தனையும் திரைப் பக்கம். மெல்லிய கீபோர்டால் அதை நிமிர்த்திப் பிடிக்க முடியாது, அதனால்தான் தாங்கி. முதல் சர்ஃபேஸில் அது ஒரே கோணத்தில்தான் நின்றது. 2013-இல் இரண்டு கோணம், 2014-இல் ப்ரோ 3 வந்தபோது 150 டிகிரி வரை எங்கே விட்டாலும் நின்றது, 2017-இல் 165 டிகிரி. வரைகிறவர்களுக்கு இந்தக் கடைசி நிலை ஒரு வரம்: திரை கிட்டத்தட்டப் படுத்துவிடும், கையை அழுத்தி ஊன்றலாம்.

மேசையில் சரி. மடியில் வைத்தால் கதை வேறு. தாங்கியின் மெல்லிய விளிம்பு தொடையில் கோடு போடும். பின்னால் நீளும் தாங்கியும் முன்னால் கீபோர்டும் சேர்ந்து லேப்டாப்பைவிட அதிக இடம் கேட்கும். முழங்காலைக் கொஞ்சம் அசைத்தால் தாங்கி நழுவுகிறது. கீபோர்டைச் சாய்த்து வைத்தால் அடியில் வெற்றிடம், வேகமாகத் தட்டினால் பலகைபோல் அதிரும்.

யோகா வழியில் எடை அடிப்பாகத்தில். மடியில் அசையாது, ஒரு கையால் திரையைச் சரிசெய்யலாம். ஆனால் லேப்டாப் நிலையில் திரையைத் தொட்டால் லேசாக ஆடும். முழுக்க மடித்து டேப்லெட்டாகப் பிடித்தால் பின்பக்கம் விரலுக்கடியில் கீபோர்டின் சாவிகள் நெருடும். அவை வேலை செய்யாது, தெரியும். இருந்தாலும் மனது ஒப்பாது. 2013-இல் வந்த திங்க்பேட் யோகாவில் இதற்கு அழகான தீர்வு வைத்திருந்தார்கள்: மடிக்க மடிக்கச் சாவிகளைச் சுற்றிய சட்டம் மேலே எழும், சாவிகள் சமமாகி இறுகிவிடும். அதை எல்லா மாடல்களிலும் கொடுத்திருக்கலாம்.

கீலுக்கு மெனக்கெட்டதென்றால் 2014-இன் யோகா 3 ப்ரோதான். கைக்கடிகாரப் பட்டைபோல 813 துண்டுகள் கோத்த கீல். எடை 1.19 கிலோ. சர்ஃபேஸ் ப்ரோ 8-உடன் கீபோர்டையும் சேர்த்து நிறுத்தால் அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். கழற்றி வைப்பதால் லேசாகிவிடும் என்பது கழற்றியிருக்கும் நேரம் மட்டும்தான்.

என்னிடம் முன்பு ஒரு 360 டிகிரி லேப்டாப் இருந்தது, பெயர் வேண்டாம். மூன்றாவது வருடம் திறக்கும்போது வலது மூலையில் 'டக்' என்று ஒரு சத்தம், சட்டம் விரிந்து நின்றது. கீலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது இரும்பு, இறுக்கமாகவே இருந்தது. அதைப் பிடித்த திருகுகள் பிளாஸ்டிக்கில் பதிந்திருந்தன. அந்தப் பிளாஸ்டிக்தான் பெயர்ந்து வந்துவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, கீல் எவ்வளவு இறுக்கம் என்பதைவிட அது எதில் பூட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் கடையில் திரையை ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறேன். மறு மூலை பின்தங்கி முறுக்கிக்கொண்டு வந்தால் அந்த மாடல் வேண்டாம்.

பழுதுபார்ப்பில் சர்ஃபேஸ் ரொம்ப நாள் மோசம், எல்லாம் பசை. கருவிகளைப் பிரித்துப் பார்த்துப் பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் தளம் 2017 ப்ரோவுக்குக் கொடுத்த மதிப்பெண் பத்துக்கு 1. ப்ரோ 9-க்கு 7. ப்ரோ 8-இலேயே தாங்கிக்கு அடியில் சின்ன மூடியைத் திறந்து, கோப்புகள் சேமிக்கும் எஸ்எஸ்டியை மாற்றலாம்.

பேனாவோடு பாதி நாள் கழிகிறவர் தாங்கி வைத்ததை எடுக்கலாம். மடியில் வைத்துத் தட்டச்சு செய்கிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். என்னுடையது மறுபடியும் 360 டிகிரிதான், இந்த முறை அலுமினிய உடம்பு.