ஓசிஐ அட்டை: வயலுக்கு உதவாது, வீட்டுக்கு உதவும்

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வாங்கிய மதுரைக்காரர்கள் அந்நாட்டுக் குடியுரிமைக்குத் தயங்க முதல் காரணம், மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து வயல். “சிட்டிசன் ஆயிட்டா நிலம் வாங்க முடியாதாமே?” முடியாதுதான். ஆனால் பிஆரோடு அங்கே குடியிருக்கும் இந்தியக் குடிமகனாலும் முடியாது. ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்ட விதிகளில் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்), ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவர் இருவருக்கும் ஒரே தடை: வீடு, பிளாட், கடை வாங்கலாம், விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு கூடாது. அப்பா தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. உயிலாகவோ வாரிசுரிமையாகவோ வந்தால் வைத்துக்கொள்ளலாம். அதனால் மகன் வெளிநாட்டில் இருப்பதைப் பத்திரம் எழுதுபவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊருக்கே திரும்பி, புதிதாக நிலம் வாங்கி விவசாயம் பார்க்கப் போகிறவர்களுக்குத்தான் இந்தியக் குடியுரிமையை விடாதிருப்பதில் லாபம்.

பிஆர் இருந்தால் ஊர்த் தொடர்பு அறாது என்பதும் தலைகீழான கணக்கு. கனடா பிஆர் நிலைக்க ஐந்து ஆண்டில் 730 நாள் அங்கே இருந்தாக வேண்டும். படுத்த படுக்கையான அம்மாவுக்காக நாலு வருஷம் மதுரையில் தங்கினால் ஆட்டம் காண்பது பிஆர்தான். குடியுரிமைக்கு அந்தப் பயம் இல்லை. ஓசிஐ கையில் இருந்தால் இங்கே எத்தனை வருஷமும் தங்கலாம், வெளிநாட்டவர் பதிவு தேவையில்லை.

வாங்கும் வரிசை முக்கியம்: குடியுரிமை, அந்நாட்டுப் பாஸ்போர்ட், இந்தியப் பாஸ்போர்ட் ஒப்படைப்புச் சான்று, பிறகு ஓசிஐ. குடியுரிமை கிடைத்த பின் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் பறந்தால் அபராதம். ஓசிஐ கட்டணம் வெளிநாட்டில் 275 அமெரிக்க டாலர், விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. இந்தியாவில் 15,000 ரூபாய். நம் ஆட்கள் மாட்டுவது பெயரில்தான். பழைய பாஸ்போர்ட்டில் இனிஷியல், புதியதில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, பிறப்புச் சான்றில் பெயரே இல்லை என்றால் கோப்பு நிற்கும். சான்றில் பெயர் சேர்ப்பதை மாநகராட்சியில் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. ஏற்றும் புகைப்படம் சதுரமாகவும், கையெழுத்து உயரத்தைப்போல மூன்று மடங்கு அகலமாகவும் இருக்க வேண்டும்.

குடியுரிமை மாறினால் இந்தியாவில் ஓட்டு போகும், அரசு வேலையும் போகும். பிஆர்காரர் படிவம் 6ஏ கொடுத்து வாக்காளர் பட்டியலில் சேரலாம். ஆனால் ஓட்டுப் போட நேரில் வந்தாக வேண்டும்.

20 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு புதுப் பாஸ்போர்ட்டையும் புகைப்படத்தோடு ஓசிஐ தளத்தில் ஏற்ற வேண்டும். 20 தாண்டி எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டுக்கு அட்டையையே புதிதாக வாங்க வேண்டும்.