அடைப்பதா, வடிப்பதா, மூழ்கடிப்பதா: சத்தம் தாங்காத காதுக்கு எது ஒத்துவரும்?

"சத்தம் தாங்கலையா? ஒரு ஹெட்ஃபோன் வாங்கிப் போட்டுக்கோயேன்." ஆட்டிசம் உள்ளவர்களில் இந்த யோசனையைக் கேட்காதவர்கள் குறைவு. எந்தச் சத்தத்துக்கு எந்த ஹெட்ஃபோன் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நானும் ஆட்டிசம் உள்ளவள்தான். காதுக்குள் செருகுவது, காதைக் கவிழ்த்து மூடுவது, பேட்டரியில் ஓடுவது என்று எல்லா ரகமும் என்னிடம் உண்டு. எது எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். எவ்வளவு சத்தம் குறையும் என்று அட்டையில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாந்துபோவோம் என்பது என் கட்சி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எங்களுக்குப் பாம்புக் காது என்பார்கள். ஆனால் கேட்புத்திறன் சோதனையில் எங்களில் பலருக்கு எல்லோரையும் போலத்தான் முடிவு வரும். வந்த சத்தத்தை மூளை எப்படிக் கையாள்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஃபேன் சத்தம் மற்றவர்களுக்குச் சற்று நேரத்தில் மறந்துபோகும். எங்களில் பலருக்கு மறக்காது, மூன்று மணி நேரம் கழித்தும் புதிதாகக் கேட்பது போலவே இருக்கும். இதைப் பிடிவாதம் என்றும் செல்லம் என்றும் சொல்லி வந்தார்கள். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேட்டில் புலன்களின் கூடுதல் உணர்வும் குறை உணர்வும் ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களுக்குள் இடம்பிடித்தன.

தொந்தரவிலும் ரகம் உண்டு. மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தெரியும் சத்தமே வலியாக ஏறுவது ஹைப்பரக்யூசிஸ். மெல்லுவது, உறிஞ்சுவது, பேனாவைத் தட்டிக்கொண்டே இருப்பது போன்ற சில சத்தங்கள் மெதுவாக வந்தாலும் கோபத்தையோ அருவருப்பையோ கிளப்புவது மிசோஃபோனியா. இந்தப் பெயர் 2001-லிருந்துதான் புழக்கத்தில் இருக்கிறது. அப்புறம் பல குரல்கள் கலந்து, எதிரில் இருப்பவர் பேசுவதைப் பிரித்தெடுக்க முடியாமல் போவது ஒன்று. ஒரே ஆளுக்கு மூன்றும் இருக்கலாம். ஆனால் ஒன்றுக்கு ஒத்துவருவது இன்னொன்றுக்கு ஒத்துவராது.

ஃபோமா, ஃபில்டரா?

காதில் செருகும் ஃபோம் இயர்ப்ளக்தான் மலிவானது, எங்கும் கிடைப்பது. அட்டையில் 33 டெசிபல் வரை குறைக்கும் என்று போட்டிருக்கும். 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் ஏறக்குறைய பாதியாகக் கேட்கும் என்பதால் இது பெரிய எண்தான். அந்த எண் சரியாகச் செருகினால்தான். விரல்களுக்கிடையில் மெல்லிய குச்சி போல உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அமுக்கி வைக்க வேண்டும். திடீரென்று சத்தம் கிளம்பி, கை நடுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது நடக்கிற காரியமா? பாதி ஃபோம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், சத்தமும் உள்ளே வந்துகொண்டிருக்கும்.

இன்னொரு குறை, ஃபோம் கீச்சுச் சத்தங்களை அதிகமாகவும் கனத்த சத்தங்களைக் குறைவாகவும் தடுக்கிறது. பேச்சைப் புரியவைக்கும் மெய்யெழுத்துகளின் கூர்மை கீச்சுப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்று புரியாது. கூடவே நம் குரலும், நாம் மெல்லுவதும், நடக்கும்போது குதிகால் தரையில் படுவதும் மண்டைக்குள் 'தொம் தொம்' என்று ஒலிக்கும். மூடிய காதுக்குள் உடம்பின் சத்தம் வெளியேற வழியில்லாமல் அடைபடுவதால் வருவது இது. எங்களில் சிலருக்கு வெளிச் சத்தத்தை விட இதுவே மோசம்.

ஃபில்டர் வைத்த இயர்ப்ளக் இசைக்கலைஞர்களுக்காக உருவானது. நடுவில் சின்னத் துளையும் அதில் ஒரு வடிகட்டியும் இருக்கும். நல்லதாக இருந்தால் கீச்சு, கனம் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில், சுமார் 15 முதல் 20 டெசிபல் குறைக்கும். வால்யூமைக் கொஞ்சம் இறக்கியது போலிருக்கும், பேச்சும் புரியும். கூட்டம், வகுப்பு, ஆட்கள் பேசும் அலுவலகம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். விலை கூடுதல், சின்னதாக இருப்பதால் தொலைந்தும் போகும். காதுக்குள் எதுவும் படுவதே பிடிக்காதவர்களுக்கு இரண்டும் உதவாது. காதழுக்கு அடிக்கடி அடைத்துக்கொள்பவர்களும் செருகும் ரகத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

இயர்மஃபா, நாய்ஸ் கேன்சலிங்கா?

இங்கேதான் பெரும்பாலோர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் வெளியிலிருந்து வரும் ஒலி அலையை மைக்கில் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே விட்டு அழிக்கிறது. இந்த யோசனை பழையது. பால் லூக் என்பவர் 1936-லேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஒரே சீராக ஓடும் கனத்த சத்தங்களில் இது கெட்டி: விமான எஞ்சின், ஏசி, ரயில் பெட்டியின் உறுமல். சுமார் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே, அதாவது கீச்சுப் பக்கம், போகப் போக அதன் பலம் குறைந்துவிடும், அங்கே காதை மூடியிருக்கும் மெத்தை தடுப்பதோடு சரி. இப்போது நம்மைத் துள்ளவைக்கும் சத்தங்களை நினைத்துப் பாருங்கள். கரண்டி தட்டில் விழுவது, நாற்காலியைத் தரையில் இழுப்பது, நாய் குரைப்பு, குழந்தை வீறிடுவது. எல்லாமே திடீரென்று வருபவை, பெரும்பாலும் கீச்சுப் பக்கத்தில் இருப்பவை. போதாக்குறைக்கு, பின்னணி உறுமல் அழிந்துவிட்டதால் தட்டில் விழும் கரண்டி முன்பைவிடத் துல்லியமாகக் கேட்கும். நிசப்தத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது நெற்றியில் ஆணி அடித்தது போல இருக்கும்.

சிலருக்கு அந்த நிசப்தமே காதில் அழுத்தம் போலத் தோன்றித் தலை சுற்றும். வாங்கும் முன் ஒரு மணி நேரமாவது போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இயர்மஃபில் பேட்டரியும் கிடையாது, பாட்டும் கேட்காது. தொழிற்சாலைகளில் போட்டுக்கொள்ளும் அந்தக் கிண்ணங்கள்தான். 25 டெசிபல் வாக்கில் போட்டிருப்பார்கள், ஃபோமை விடக் குறைவு. ஆனால் நியோஷ் என்ற அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனம், நடைமுறையில் எவ்வளவு குறையும் என்று கணக்கிட ஃபோமின் எண்ணில் பாதியையும் இயர்மஃபின் எண்ணில் கால்வாசியையும் கழிக்கச் சொல்கிறது. 33 கிட்டத்தட்ட 16 ஆகிறது, 25 ஏறக்குறைய 19-ல் நிற்கிறது. அட்டையில் தோற்றது காதில் ஜெயித்துவிடுகிறது. இழுத்துப் போட இரண்டு விநாடி போதும். கை நடுங்கும்போதும் போடலாம்.

தலையை இறுக்கும், வியர்க்கும். மூக்குக் கண்ணாடியின் கம்பி மெத்தைக்கு அடியில் போனால் அந்த இடைவெளியில் சத்தம் கசியும். அப்புறம் ஊரே திரும்பிப் பார்க்கும். கடைசியாகச் சொன்னதைச் சிலர் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு அது வசதி, யாரும் பேச்சுக் கொடுக்க வருவதில்லை.

ஃபோம், இயர்மஃப் இரண்டையும் சேர்த்துப் போட்டால் 33-ம் 25-ம் 58 ஆகிவிடுமா? ஆகாது. அதிகம் தடுப்பதன் எண்ணோடு சுமார் 5 டெசிபல் கூட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் சத்தம் எலும்பு வழியாகவே உள்ளே போய்விடும்.

மூழ்கடிப்பது

மிசோஃபோனியாவுக்கு அடைப்பது பெரும்பாலும் வேலை செய்யாது. பக்கத்தில் ஒருவர் மெல்லும் சத்தம் ஏற்கெனவே மெல்லியதுதான். அதைப் பாதியாகக் குறைத்தாலும் மீதியை மனசு தேடிப் பிடித்துவிடும். இங்கே வைட் நாய்ஸ், பிரவுன் நாய்ஸ், மழைச் சத்தம் போன்ற சீரான ஒலியைப் போட்டு அதை மறைப்பதுதான் வழி. வைட் நாய்ஸ் 'ஸ்ஸ்ஸ்' என்று சீறும், பலருக்கு அதுவே எரிச்சல். பிரவுன் நாய்ஸில் கீச்சுப் பக்கம் குறைவு, தூரத்து அருவி போலக் கனமாக இருக்கும், நீண்ட நேரம் தாங்கும். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் உண்மையில் காசுக்கு நியாயம் செய்வது இந்தக் கூட்டணியில்தான். வெளி உறுமல் அழிந்துவிடுவதால் மறைக்கும் ஒலியை மெதுவாக வைத்தாலே போதும். ஹெட்ஃபோனில் கேட்பதற்கு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை.

நாள் முழுக்க அடைப்பது, பழக்கப்படுத்துவது

காதை அடைத்தபடியே வாழ்ந்தால் என்ன என்று எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் தோன்றும். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் சாதாரணக் கேட்புத்திறன் உள்ளவர்களை இரண்டு வாரம் கிட்டத்தட்ட நாள் முழுக்கக் காதை அடைத்துக்கொள்ள வைத்தார்கள். முடிவில் அவர்களுக்கு முன்பை விடக் குறைந்த சத்தமே அதிகமாகத் தெரிந்தது. அதே காலத்துக்கு மெல்லிய பின்னணி ஒலியைக் கேட்டவர்களுக்கு நேர்மாறாக, தாங்கும் அளவு கூடியிருந்தது. அடைபட்ட காதுக்கு மூளை வால்யூமை ஏற்றிவிடுகிறது. அதனால் அமைதியான அறையில் அடைப்பான் வேண்டாம், சத்தமான இடத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்பதே கேட்புத்திறன் நிபுணர்களின் வழக்கமான அறிவுரை.

இதைச் சாக்காக வைத்து "பார்த்தாயா, பழகினால் சரியாகிவிடும்" என்று ஒரு குழந்தையைச் சத்தத்துக்குள் தள்ளிவிடுவது வேறு விஷயம். அந்தப் பின்னணி ஒலி மெல்லியது, வலிக்காதது. வலியைத் தொடர்ந்து கொடுத்தால் பயம்தான் பழகும். வடிகட்டிய இசையைக் கேட்கவைத்துச் சரிசெய்வதாக விற்கப்படும் ஆடிட்டரி இன்டக்ரேஷன் ட்ரெயினிங் பற்றியும் ஒரு வார்த்தை: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011-ல் வெளியிட்ட மறுபார்வையில், இவ்வகை ஒலிச் சிகிச்சைகள் ஆட்டிசத்தில் பயன் தருவதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. விலை உயர்ந்த தவணைத் திட்டத்தோடு யாராவது வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

காதை விட்டு அறையை மாற்றுவது

எனக்குக் கேட்டால் முதல் செலவு இங்கேதான் இருக்க வேண்டும். நாற்காலிக் கால்களுக்கு அடியில் துணிப் பட்டை, தரையில் விரிப்பு, கதவு அறையாமல் இருக்க ரப்பர். கழிவறையில் கைகாயவைக்கும் இயந்திரத்துக்குப் பதில் பேப்பர் டவல். திறந்த வெளியில் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் 6 டெசிபல் குறையும், மூடிய அறையில் எதிரொலியால் அந்த அளவு குறையாது. ஆனாலும் இடத்தை மாற்றி உட்காரக் காசு செலவில்லை. "இப்ப டிரில் போடப்போறேன்" என்று முன்கூட்டிச் சொல்வதற்கும் செலவில்லை. எதிர்பார்த்த சத்தம் எதிர்பாராத சத்தத்தை விடக் குறைவாகவே வதைக்கும்.

இதெல்லாம் போக ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இயர்மஃப் வாங்குங்கள். இரண்டு என்றால் கூடவே ஃபில்டர் இயர்ப்ளக். நாய்ஸ் கேன்சலிங் மூன்றாவது, அதுவும் பயணம் அதிகம் என்றால். சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அதைக் கழற்றிவிடுங்கள். குழந்தைக்கு வாங்குபவர்கள் இயர்மஃபை அலமாரியின் மேல் தட்டில் பத்திரப்படுத்தாமல், அதன் கைக்கு எட்டும் ஆணியில் மாட்டிவையுங்கள். எப்போது போடுவது, எப்போது கழற்றுவது என்பதைக் குழந்தையே பார்த்துக்கொள்ளட்டும்.