பல தளங்களுக்கு ஒரே லாகின்: பொதுக் குக்கியா, மைய சர்வரா?

தளங்கள் எல்லாம் ஒரே டொமைனின் கிளைகள் என்றால் பொதுக் குக்கி போதும். குக்கியைத் தாய் டொமைன் பெயரில் போட்டு, செக்யூர் (எச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டும் அனுப்பு), எச்டிடிபிஒன்லி (பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் படிக்கக் கூடாது) என்ற இரண்டு அமைப்புகளையும் சேர்த்து, யார் உள்ளே இருக்கிறார் என்ற செஷன் விவரத்தை எல்லாத் தளங்களும் எட்டும் ஒரு ரெடிஸ் தரவுக் கிடங்கில் வைத்துவிடலாம். ஒரே எச்சரிக்கை: கிளைகளில் ஒன்றை வெளியார் நடத்தினால் உங்கள் லாகின் குக்கி அவர்கள் சர்வருக்கும் போய்ச் சேரும்.

ஒன்று டாட் காம், இன்னொன்று டாட் இன் என்று டொமைனே வேறானால் குக்கி தாண்டாது. மறைவான ஐஃப்ரேம் (பக்கத்துக்குள் திறக்கும் இன்னொரு தளத்தின் பக்கம்) வைத்துச் சமாளிக்கும் பழைய வித்தையை, மூன்றாம் தரப்புக் குக்கிகளை, அதாவது திறந்திருக்கும் தளம் அல்லாத வேறு தளத்தின் குக்கிகளைத் தடுத்து, சஃபாரி 2020லேயே முடக்கிவிட்டது. குரோமில் ஓடுகிறதே என்று அதை நம்பி இறங்க வேண்டாம்.

இங்கே என் ஓட்டு மைய லாகின் சர்வருக்குத்தான்: கீக்ளோக் என்ற லாகின் மென்பொருள் போன்ற ஒன்று, ஓப்பன்ஐடி கனெக்ட் என்ற பொது லாகின் நெறிமுறை வழியாக. பயனரின் முழுப் பக்கமும் லாகின் சர்வருக்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே குக்கி இருந்தால் கடவுச்சொல் கேட்காமலே ஒருமுறைக் குறியீட்டோடு திரும்புகிறது. தளத்தின் சர்வர் அந்தக் குறியீட்டைக் கொடுத்து டோக்கன் (பயனர் உள்ளே வந்ததற்கான சான்று) வாங்கி, தன் சொந்தக் குக்கியைப் போடுகிறது. திரும்பி வருவது தான் தொடங்கிய லாகின்தானா என்று பார்க்கத் தளம் முன்கூட்டியே போடும் ஸ்டேட் மதிப்பை வைத்திருக்கும் குக்கிக்கு, சேம்சைட் அமைப்பில் 'ஸ்ட்ரிக்ட்' கொடுத்தால், வேறு டொமைனிலிருந்து திரும்பும்போது ப்ரௌசர் அதை அனுப்பாது. லாகின் முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 'லாக்ஸ்' கொடுங்கள்.

உண்மையான தலைவலி லாகவுட். இதில் பொதுக் குக்கிக்குத்தான் வெற்றி: ரெடிஸில் ஒரு வரியை அழித்தால் எல்லா இடத்திலும் வெளியே. மைய சர்வர் முறையில் ஒவ்வொரு தளமும் தனி செஷன் வைத்திருப்பதால், ஒன்றில் வெளியேறினாலும் மற்றவை திறந்தே கிடக்கும். ஐஃப்ரேம் வழி லாகவுட்டுக்கும் மூன்றாம் தரப்புக் குக்கி தேவை. ஆகவே அதுவும் கைவிடும். மிஞ்சுவது, 2022இல் இறுதி வடிவம் பெற்ற பேக்சேனல் லாகவுட்: லாகின் சர்வரே ஒவ்வொரு தளத்தின் சர்வருக்கும் லாகவுட் டோக்கன் அனுப்பும். அதன் கையொப்பத்தையும், அது உங்கள் தளத்துக்கு வந்ததுதானா என்பதையும் சரிபார்த்து, அதிலுள்ள செஷன் எண்ணுக்கு உரிய உள்ளூர் செஷனை அழிக்க வேண்டும். செஷன் முழுவதையும் குக்கிக்குள்ளேயே அடைத்து வைத்திருப்பவர்களுக்கு அழிக்க எதுவும் இருக்காது. சர்வர் பக்கம் பதிவு கட்டாயம்.

ஃபயர்வால் தடுத்தாலோ தளம் அந்த நேரம் படுத்திருந்தாலோ அந்தச் செய்தி போய்ச் சேராது. அதனால் லாகினின்போது வாங்கிய அக்சஸ் டோக்கனின் (அனுமதிச் சீட்டு) ஆயுளைக் குறுக்குங்கள். கீக்ளோக்கில் இயல்பாகவே 5 நிமிடம்; அதை மணிக்கணக்காக்க வேண்டாம். காலாவதியானதும், கூடவே வாங்கிய ரெஃப்ரஷ் டோக்கனைக் காட்டிப் புதுப்பிக்க லாகின் சர்வரிடம் சொல்லி, மறுப்பு வந்தால் உள்ளூர் செஷனையும் அழித்துவிடுங்கள். செய்தி தவறினாலும் சில நிமிடங்களில் கதவு மூடிவிடும்.

இதே வேலைக்கான இன்னொரு நெறிமுறையான எஸ்ஏஎம்எல் 2.0, 2005ஆம் ஆண்டுச் சரக்கு. நிறுவன வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் போதும். கீக்ளோக் அதையும் பேசும்.

சோதனையை சஃபாரியில் தொடங்குங்கள்: இரண்டு தளங்களைத் திறந்து, ஒன்றில் லாகவுட் செய்து, மற்றதை ரெஃப்ரஷ் செய்து பாருங்கள்.