மிச்சிகன் ரெக்ரூட்டிங் செய்திச் சேவை: ஓராண்டுச் சந்தாவுக்குப் பிறகு

கடந்த 2024 ஆகஸ்டில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கென்றே இயங்கும் கட்டணச் செய்திச் சேவை ஒன்றில் ஓராண்டுச் சந்தா கட்டினேன். மாதக் கணக்கில் 10 டாலர். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டியதால் சற்றுக் குறைந்தது. இந்த 2025 ஆகஸ்டோடு அது முடிகிறது. என்னோடு ஒரே காரில் டியர்பர்னுக்கு வேலைக்கு வரும் நண்பர்கள் இருவர், தாங்களும் சேரலாமா என்று கேட்டார்கள். போகும் வழியில் அவர்களுக்குச் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறேன். சேவையின் பெயரைக் குறிப்பிடவில்லை. 247ஸ்போர்ட்ஸ், ஆன்3 போன்ற பெரிய நிறுவனங்களின் குடைக்கீழ் ஏறக்குறைய ஒவ்வொரு பெரிய பல்கலைக்கழகத்துக்கும் இப்படி ஒரு சேவை இருக்கிறது. தனியாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பகுதி இந்தத் தொழில் முழுவதற்குமே பொருந்தும்.

கல்லூரி ஃபுட்பாலில், தொழில்முறை அணிகளைப் போல வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட் கிடையாது. பதினேழு வயதுப் பள்ளி மாணவனின் வீட்டு வரவேற்பறையில் பயிற்சியாளர் போய் உட்கார்ந்து, பெற்றோரிடம் பேசி, அவனைத் தம் கல்லூரிக்கு அழைத்து வர வேண்டும். இந்த வீரர் சேர்ப்பைத்தான் ரெக்ரூட்டிங் என்கிறோம். ஓர் அணி மூன்று ஆண்டுகள் கழித்து எப்படி ஆடும் என்பதில் பாதி, அந்த வரவேற்பறைகளிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே டிசம்பரில் கையொப்பமிடும் நாளை ரசிகர்கள் ஓர் ஆட்ட நாளைப் போலவே காத்திருந்து பார்க்கிறார்கள். சேவை விற்பது அந்தக் காத்திருப்புக்கான செய்தியை: எந்த மாணவன் எந்த வார இறுதியில் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பருக்கு வருகிறான், எந்தப் பயிற்சியாளர் யாரைப் பார்க்கப் போயிருக்கிறார், யார் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பன அதில் அடக்கம்.

முதலில் நிறை. பள்ளி வீரர்களின் திறனுக்கு இந்த நிறுவனங்கள் தரும் நட்சத்திரக் கணக்கை எப்படிப் படிக்க வேண்டும் என்று இந்தச் சேவை எனக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தது. ஒவ்வொரு ஆண்டும் ஐந்து நட்சத்திரம் பெறுபவர்கள் ஏறத்தாழ 32 பேர்தான். தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் டிராஃப்டில் முதல் சுற்றில் 32 இடங்கள் இருப்பதை வைத்தே அந்த எண்ணிக்கை அமைகிறது என்பதை அதன் கட்டுரை ஒன்றில்தான் தெரிந்துகொண்டேன். நான்கு நட்சத்திரம் சில நூறு பேருக்குக் கிடைக்கும். அணிகளின் சேர்க்கைப் பட்டியலைத் தரவரிசைப்படுத்தும்போது தலைமாணவனுக்கு முழு மதிப்பும், பட்டியலில் கீழே போகப்போகக் குறைந்த மதிப்பும் தருகிறார்கள். எனவே முப்பது சுமாரான பெயர்களைக் குவித்து மேலே வந்துவிட முடியாது. கடைசி நான்கு ஆண்டுச் சேர்க்கையில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திர மாணவர்களாக இருக்கும் அணிதான் தேசியப் பட்டம் வெல்லும் என்று பட் எலியட் என்ற எழுத்தாளர் ஒரு கணக்கை முன்வைத்தார். 2024 பருவம் வரை பத்தாண்டுகளுக்கு மேலாக அது பொய்க்கவில்லை. 2023 பருவத்தில் பட்டம் வென்ற மிச்சிகனும் அந்தக் கோட்டைத் தாண்டிய அணிதான்.

ஆனால் அதே அணியில் மைக் செயின்ரிஸ்டில் இருந்தார். ஹைட்டியில் பிறந்து மாசசூசெட்ஸில் வளர்ந்த அவர் மூன்று நட்சத்திரத்தோடு பந்து பிடிப்பவராக வந்து, பிறகு தடுப்பாட்டத்துக்கு மாறி, வாஷிங்டனுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பந்தைப் பறித்து 81 யார்டு ஓடி வெற்றியை உறுதி செய்தார். மொத்தமாக எடுத்துக்கொண்டால் நட்சத்திரம் உண்மை பேசும். தனி ஒருவரை அளக்க அதை நம்பினால் ஏமாற்றும். இந்த இரண்டையும் ஒரே கட்டுரையில் சேர்த்துச் சொல்லும் எழுத்தாளர் ஒருவர் அந்தச் சேவையில் இருக்கிறார். அவருக்காக மட்டுமே பாதிச் சந்தாவைக் கொடுக்கலாம்.

பிரைஸ் அண்டர்வுட் விவகாரத்தில் சேவையின் உச்சமும் பள்ளமும் ஒருசேரத் தெரிந்தன. 2025ஆம் ஆண்டுச் சேர்க்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் வைக்கப்பட்ட குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், அவர். படித்தது பெல்வில் உயர்நிலைப் பள்ளி. நான் வசிக்கும் கேன்டனுக்குப் பக்கத்து ஊர். பள்ளியில் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே, 2021இலும் 2022இலும், மாநிலப் பட்டம் வென்ற அணியை நடத்தியவர். மிச்சிகன் மைதானத்திலிருந்து அரை மணி நேரக் காரோட்டத் தொலைவில் இருந்த இப்படிப்பட்ட பையன், 2024 ஜனவரியில் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்எஸ்யூவுக்கு வாய்மொழி உறுதி கொடுத்துவிட்டார். எங்கள் பகுதி ரசிகர்களுக்கு அது ஆறாத புண்ணாக இருந்தது.

சேவையில் அவரைப் பற்றி வந்த ஆட்ட ஆய்வைப் படித்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை இரவு என் மகனை அழைத்துக்கொண்டு பெல்வில் பள்ளி மைதானத்துக்குப் போனேன். மைதானத்தின் இடப்பக்கக் கோட்டருகே நின்று வலப்பக்க எல்லைக் கோட்டை நோக்கி எறியும் பந்தைக் கவனியுங்கள் என்று அந்த ஆய்வு சொல்லியிருந்தது. பள்ளிப் பையன்களின் கையிலிருந்து போகும் பந்து அவ்வளவு தூரம் குறுக்கே போகும்போது மிதக்கும். அதற்குள் தடுப்பவன் ஓடி வந்துவிடுவான். இரண்டாம் கால்பகுதியில் அண்டர்வுட் அதே பந்தை எறிந்தார். தடுப்பவன் திரும்புவதற்காக ஒரு காலை ஊன்றிக்கொண்டிருந்தபோதே பந்து, பிடிப்பவனின் மார்பில் போய்ச் சேர்ந்துவிட்டது. அலுமினியப் படிக்கட்டில் எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் கத்துவதற்குக்கூட ஒரு கணம் பிந்தினார்கள். படித்துவிட்டுப் போயிராவிட்டால் அதை இன்னொரு நல்ல எறிதல் என்று மட்டுமே பார்த்திருப்பேன். கண்ணைப் பழக்கிவிடும் இத்தகைய எழுத்தை நான் வேறெங்கும் இலவசமாகப் படித்ததில்லை.

திரும்பும் வழியில் மகன், “அப்பா, இவன் மட்டும் நமக்கு வந்துட்டா போதும், மத்ததெல்லாம் தானா நடக்கும்” என்றான். “ஒருத்தன் வந்தா போதுமாடா? அவனுக்கு முன்னாடி நிக்கிற அஞ்சு பேரு யாரு?” என்று கேட்டேன். அந்தக் கேள்வியோடுதான் நான் இந்தச் சேவையை ஆண்டு முழுவதும் படித்தேன் என்று சொல்லலாம்.

நவம்பர் 21 அன்று அண்டர்வுட் எல்எஸ்யூவை விட்டு மிச்சிகனுக்கு மாறினார். டிசம்பர் 4 அன்று தொடங்கவிருந்த கையொப்பத்துக்கு அப்போது 13 நாள்களே இருந்தன. தங்கள் பெயர், உருவம் ஆகியவற்றை விளம்பரத்துக்குத் தந்து பணம் பெற மாணவர்களுக்கு 2021 ஜூலையில் அனுமதி கிடைத்ததிலிருந்து இத்தகைய மாற்றங்களுக்குப் பின்னால் பெருந்தொகை இருப்பது எல்லோருக்கும் தெரியும். மாற்றத்துக்கு முந்தைய மூன்று வாரங்களில் சேவை தந்த செய்திகள் நிதானமாகவும் துல்லியமாகவும் இருந்தன. யார் சொன்னது என்று வெளியிட முடியாத இடத்தில் எந்த அளவுக்கு நம்பலாம் என்றாவது சொன்னார்கள்.

அதே குளிர்காலத்தில் குறையும் வெளிப்பட்டது. குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று அவரைக் காக்கும் ஐவர் வரிசையான அஃபென்சிவ் லைனுக்கு வரவேண்டிய ஒரு பெரிய மாணவன் மிச்சிகனுக்குத்தான் வருவான் என்று சேவை உறுதியாக முன்கணித்திருந்தது. அவன் அறிவிப்பதற்கு முதல் நாள் இரவு அந்தக் கணிப்பு எந்த விளக்கமும் இல்லாமல் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மாறியிருந்தது. மறுநாள் அவன் அங்கேயே சேர்ந்தான். பிறகு வெளியான கணிப்புக் கணக்கில் அது சரியாகச் சொன்னவற்றின் வரிசையில் நின்றது. தவறுவது இயல்பு, பதினேழு வயதுப் பிள்ளையின் மனத்தை யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தவறியதைத் தவறியதாகப் பதிந்து வைப்பதுதான் பணம் கொடுப்பவருக்குச் செய்யும் மரியாதை. இதைச் சுட்டிக்காட்டி எழுதிய மடலுக்கு எனக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. இன்று ஓர் அணி பள்ளிகளிலிருந்து மட்டும் உருவாவதில்லை. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலிருந்தும் பாதி உருவாகிறது. சென்ற பருவத்தில் அது டிசம்பர் 9 முதல் 28 வரையிலும், மீண்டும் ஏப்ரலில் பத்து நாள்களும் திறந்திருந்தது. அந்த நாள்களில் சேவை பெரும்பாலும் பிறர் ஏற்கெனவே வெளியிட்டதைத் திருப்பிச் சொன்னது. அலபாமாவிலிருந்து ஓட்டக்காரர் ஜஸ்டிஸ் ஹெய்ன்ஸும், இந்தியானாவிலிருந்து பந்து பிடிப்பவர் டோனவன் மெக்கல்லியும், ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டிலிருந்து குவாட்டர்பேக் மைக்கி கீனும் வந்தது அணியின் முகத்தையே மாற்றக்கூடியது. அவர்களுடைய பழைய ஆட்டங்களை எடுத்துவைத்து, பள்ளி மாணவனுக்குச் செய்ததுபோல ஓர் ஆய்வு எழுதியிருக்கலாம். கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் ஆடியவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இருக்கிறது. ஆனால் இவர்களுக்குக் கிடைத்ததோ தலைக்கு மூன்று பத்திதான்.

கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது குறித்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த சமரசத்தைப் பற்றிய விளக்கம் சிறப்பாக இருந்தது. பல்கலைக்கழகங்கள் முதல் ஆண்டான 2025-26இல் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம் என்றானது. 85 உதவித்தொகை என்ற பழைய வரம்பு போய் அணிக்கு 105 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. இதனால் உதவித்தொகையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பயிற்சிக்கு வந்த வாக்-ஆன் மாணவர்கள் பலருடைய இடம் கேள்விக்குள்ளானதையும், ஏற்கெனவே இருந்தவர்களை அந்த எண்ணிக்கையில் சேர்க்காமல் வைத்துக்கொள்ள நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் பின்னர் வழி செய்யப்பட்டதையும் அக்கறையோடு எழுதியிருந்தார்கள்.

இனி, வரும் பருவத்துக்கான முன்னோட்டம். சென்ற ஆகஸ்டில் இதே சேவை, ஜே.ஜே. மெக்கார்த்தி போன பிறகும் குவாட்டர்பேக் இடத்தில் கவலை இல்லை என்று எழுதியது. மூன்று பேரை மாற்றி மாற்றி ஆடவிட்டும் அணி பந்தெறியத் திணறி, 8 வெற்றி 5 தோல்வி என்று முடித்தது. கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று வென்ற அந்த மறக்க முடியாத ஆட்டத்தில்கூட குவாட்டர்பேக் டேவிஸ் வாரன் எறிந்து சேர்த்தது 62 யார்டு மட்டுமே. அந்த வெற்றியைத் தடுப்பாட்டக்காரர்கள் தோளில் சுமந்தார்கள். இந்த ஆண்டு முன்னோட்டத்தில் அத்தகைய மிகை நம்பிக்கை குறைந்திருக்கிறது, பாராட்டுகிறேன். மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் இருவரும் என்எஃப்எல் முதல் சுற்றில் போய்விட்டதால் தடுப்பு வரிசையின் நடுவில் உண்டான பள்ளத்தை மறைக்காமல் சொன்னார்கள்.

நான் காத்திருந்த அந்த ஐந்து பேரைப் பற்றித்தான் போதிய விளக்கம் இல்லை. கான்சஸிலிருந்து ஆண்ட்ரூ பபலோலாவும், அலபாமாவை விட்டுவிட்டு பிப்ரவரியில் கையொப்பமிட்ட டெக்சாஸ் மாணவர் டை ஹேவுட்டும் வந்ததைக் கொண்டாடி ஏராளமாக எழுதினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அஃபென்சிவ் லைனில் பள்ளியிலிருந்து வருபவன் உடல் திரண்டு, காலசைவு பழகி, எதிரில் நிற்கும் 22 வயதுக்காரனைத் தாங்குவதற்கு வழக்கமாக இரண்டு ஆண்டுகள் ஆகும். இந்தப் பருவத்தில் அண்டர்வுட்டைக் காக்கப்போவது ஏற்கெனவே அணியில் இருப்பவர்கள். அவர்கள் சென்ற ஆண்டு எந்த வகைத் தாக்குதலுக்குத் தடுமாறினார்கள் என்று ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும். புதிதாக வருபவர்களின் மீதே வெளிச்சம் பாய்ச்சுவது இந்தத் தொழிலின் பழக்கதோஷம். வருகிறவர்களின் செய்திக்குத்தான் சந்தா சேருகிறது என்பதால் அப்படி எழுதுகிறார்கள் என்பது என் கணிப்பு.

நண்பர்களுக்கு நான் சொன்ன யோசனை இதுதான். ஆட்டத்தின் நுணுக்கத்தைப் பிடித்துக்கொள்ள விரும்பினால் சேருங்கள். ஆட்ட ஆய்வுகளின் தரத்துக்குக் கொடுக்கும் பணம் தகும். யார் எங்கே போகிறார் என்ற செய்தி மட்டும் போதுமென்றால் வேண்டாம். அது ஓரிரு மணி நேரத்தில் எல்லா இடத்திலும் கிடைத்துவிடும். ஆண்டு முழுவதும் கட்ட மனமில்லாதவர்கள் நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை நான்கு மாதம் மட்டும் கட்டலாம். அடர்த்தியான எழுத்து அப்போதுதான் வருகிறது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியைச் சேரும் அன்றே நிறுத்திவிடுங்கள். அந்தப் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று. நான் இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பிக்கிறேன், போர்ட்டல் செய்தியில் இதே மெத்தனம் தொடர்ந்தால் மறு ஆண்டு நிறுத்திவிடுவேன் என்று அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 30 அன்று ஆன் ஆர்பரில் நியூ மெக்சிகோவுடன் முதல் ஆட்டம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டேன். செப்டம்பர் 6 அன்று நார்மனில் ஓக்லஹோமாவோடு ஆடும்போது, மூன்றாம் முயற்சியில் எட்டு யார்டு தேவைப்பட்டு, பந்தை எறிந்தே ஆக வேண்டிய முதல் தருணத்தில், பந்தைப் பார்க்காமல் அண்டர்வுட்டுக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேரின் கால்களை மட்டும் பார்க்கப்போகிறேன். மகனிடமும் அதையே சொல்லி வைத்திருக்கிறேன்.