வீட்டுப் பட்டறைக்குப் பழைய மில்லிங் மெஷின்: மூன்று வகைகள், ஒரு தேர்வு

வீட்டுப் பட்டறைக்குக் குறைந்த செலவில், சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவும் ஒரு பழைய மில்லிங் மெஷினைத் தேடத் தொடங்கினால், சுற்றிச் சுற்றி மூன்று வகைகளே கண்ணில் படும். தரையில் நிற்கும் டரட் மெஷின், மேசைமேல் வைத்து இயக்கும் மில்-டிரில், கிடைமட்ட மில்லிங் மெஷின் ஆகியவையே அவை. மூன்றையும் எடைபோட்டுப் பார்த்து நான் வாங்கியது டரட் வகையை. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எடை, இடம், மின்சாரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டரட் மெஷின் ஏறத்தாழ ஒரு டன் எடையும் இரண்டு மீட்டர் அளவு உயரமும் கொண்டது. கட்டரைச் சுழற்றும் ஹெட்டையும் அதைத் தாங்கும் ராமையும் தனியே கழற்றி இறக்கலாம் என்றாலும், உறுதியான கான்கிரீட் தரை இல்லாதவர்கள் அதை நினைக்காமல் இருப்பதே நல்லது. தொழிற்சாலையிலிருந்து வரும் மெஷின்களில் பெரும்பாலும் மூன்று ஃபேஸ் மோட்டார் இருக்கும். ஒற்றை ஃபேஸ் இணைப்பு மட்டும் உள்ள இடத்தில் அதை மூன்று ஃபேஸாக மாற்றித் தரும் விஎஃப்டி கருவியைப் பொருத்தி ஓட்டலாம். அந்த விஎஃப்டி தரும் மின்னழுத்தத்தில் மோட்டாரை இணைக்க முடியுமா என்று பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டால் போதும்.

கிடைமட்ட மெஷின் பல நேரங்களில் மூன்றிலும் மலிவாகக் கிடைக்கும். கட்டர் மாட்டும் தண்டான ஆர்பரை இரு முனைகளிலும் தாங்கிக்கொண்டு, அகலமான கட்டரால் ஒரே ஓட்டத்தில் நிறைய உலோகத்தைச் சீவித் தள்ளும் வலு மற்ற இரண்டுக்கும் இல்லை. ஆனால் வீட்டுப் பட்டறையில் பெரும்பாலும் நடப்பது துளையிடுவதும், பள்ளம் எடுப்பதும், விளிம்பைச் சீர்செய்வதும்தான். இவற்றுக்குச் செங்குத்து ஹெட் வேண்டும். பழைய மெஷின்களில் அதுதான் முதலில் தொலைந்துபோயிருக்கும். இவ்வகையில் நான் தொடர்ந்து வேலை செய்ததில்லை. கொஞ்சம் ஓட்டிப் பார்த்ததை வைத்தே சொல்கிறேன். செங்குத்து ஹெட்டோடு நல்ல நிலையில் ஒன்று வந்தால், இடமிருப்பவர்கள் அதை ஒதுக்கிவிட வேண்டாம்.

மில்-டிரில் என்றால் பெரும்பாலும் உருளைத் தூண் கொண்டதுதான் விற்பனைக்கு வரும். தைவானின் ரோங் ஃபூ நிறுவனத்து ஆர்எஃப்-30 இவ்வகையில் பெயர்பெற்றது. அதைப் போன்றவை பல பெயர்களில் உலவுகின்றன. இதன் குறை எல்லோரும் அறிந்தது: ஹெட்டை ஏற்றவோ இறக்கவோ கிளாம்பைத் தளர்த்தினால் ஹெட் தூணைச் சுற்றிச் சற்றுத் திரும்பிவிடும், துளையின் மையம் தவறிவிடும். குட்டையான டிரில்லால் துளையிட்டு, அடுத்து அத்துளையைச் சரியான அளவுக்குச் சீர்செய்யும் நீளமான ரீமரை மாட்ட ஹெட்டை உயர்த்த நேர்ந்தால், நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து மீண்டும் மையம் தேட வேண்டும். இது தேய்மானத்தால் வந்த பழுதன்று, அமைப்பிலேயே உள்ள குறை; எவ்வளவு புதிதாக இருந்தாலும் போகாது.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த வேறுபாடுதான். பழைய மெஷினில் தேய்மானம் இருந்தே தீரும். அதை அளக்க முடியுமா, வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்பதே கேள்வி. அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நிறுவனம் 1938-இல் விற்கத் தொடங்கிய டரட் மெஷினின் அடிப்படை அமைப்பையே பல நாடுகளின் தயாரிப்பாளர்கள் பின்பற்றியதால், அவ்வகைக்கு உதிரிப்பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. டேபிள் முதலியவை நகரும் தடங்களான ஸ்லைடுகளில், இடைவெளியை அடைக்கும் ஜிப் என்ற பட்டை ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து இருப்பதால், திருகைச் சுற்றி இடைவெளியைக் குறைக்கலாம். டேபிளை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவின் நட்டையும் இறுக்கி பேக்லாஷை, அதாவது திசை மாற்றும்போது டேபிள் நகராமல் வீணாகும் சுற்றை, குறைக்கலாம். கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் பேரிங்குகளை மாற்றலாம். வீட்டில் சரிசெய்ய முடியாதது ஒன்றே ஒன்று: நடுவில் தேய்ந்துபோன வார்ப்பிரும்பு ஸ்லைடு. அதைத் திரும்பச் சமன்செய்ய கிரைண்டிங்கோ கைதேர்ந்தவர் கையால் சுரண்டிச் சமன்செய்யும் ஸ்கிரேப்பிங்கோ வேண்டும். செலவு மெஷினின் விலையையே தாண்டக்கூடும்.

ஆகவே பார்க்கப் போகும்போது பெயின்ட்டையும் டேபிளில் உள்ள டிரில் தழும்புகளையும் மறந்துவிடலாம். தழும்புகள் பழைய ஆபரேட்டரின் கவனக்குறைவைக் காட்டுமே தவிர, மெஷினின் துல்லியத்தைக் காட்டா. புதிய பெயின்ட் எதையுமே காட்டாது, சில சமயம் மறைக்கும். வேலைப்பொருளைப் பிடிக்கும் வைஸ் பெரும்பாலும் டேபிளின் நடுவிலேயே இருப்பதால், தேய்மானமும் நடு ஓட்டத்திலேயே சேரும். டேபிளை நடுவில் நிறுத்தி, சற்றுப் பிடிமானம் தெரியும்வரை ஜிப்பை இறுக்கிவிட்டு, கைப்பிடியைச் சுற்றி இரு கோடிகளுக்கும் கொண்டுபோக வேண்டும். கோடிகளில் இறுகிச் சிக்கினால் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது. ஒரே சீராக ஓடினால் பெரிய கவலை இல்லை. பேக்லாஷையும் இதே போல நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் ஸ்க்ரூவே தேய்ந்துள்ளது, நட்டை இறுக்கினாலும் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு சோதனை, டேபிளைத் தாங்கி ஏறி இறங்கும் 'நீ' பகுதிக்கு உரியது. அதை முழுவதும் மேலே ஏற்றிவிட்டுத் தூணின் கீழ்ப்பகுதி ஸ்லைடைப் பார்த்தால், தொழிற்சாலையில் போட்ட பிறைவடிவ ஸ்கிரேப்பிங் தடங்கள் தெரியலாம். பிறகு அதைக் கீழே இறக்கி, வழக்கமாக நிற்கும் உயரத்தில் அதே தடங்கள் எவ்வளவு மிச்சமிருக்கின்றன என்று ஒப்பிடலாம். அலங்காரத்துக்காகப் பின்னாளில் போட்ட தடங்களும் உண்டு என்பதால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒரே இடத்திலிருந்து எண்ணெய் செலுத்தும் பம்ப் இருந்தால் அதை அழுத்திவிட்டு, ஸ்லைடுகளில் எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பதும் அவசியம். விவரம் தெரியாத யாரோ அதில் கிரீஸை ஏற்றிக் குழாய்களை அடைத்திருந்தால், அந்த மெஷின் நீண்ட நாள் எண்ணெயின்றி ஓடியிருக்கலாம்.

கொஞ்சம் தேய்மானம் தெரிந்தாலே பின்வாங்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். டேபிளின் முழு ஓட்டத்தில் தெரியும் பிழை, கைக்குள் அடங்கும் சிறு வேலையில் ஒரு சிறு பங்காகவே விழும். டிஜிட்டல் ரீட்அவுட் பொருத்தினால் டேபிளின் இடத்தை நேரடியாக அளப்பதால், தேய்ந்த ஸ்க்ரூவின் பிழை அளவில் ஏறாது. ஆனால் வளைந்து ஓடும் ஸ்லைடை அது நேராக்கிவிடாது.

ஸ்பிண்டில் டேப்பரையும், அதாவது கட்டர் பிடிப்பான் பொருந்தும் கூம்புத் துளையின் வகையையும், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்8 என்றால் கட்டரை இறுக்கிப் பிடிக்கும் கோலெட்டுகளும் ஹோல்டர்களும் எளிதாகக் கிடைக்கும், பின்னால் விற்கவும் சிரமமில்லை. மோர்ஸ் டேப்பர் என்றால் ஒவ்வொரு முறையும் மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் தண்டான டிராபாரைத் தட்டித்தான் கட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். சில பழைய ஹெட்களில் பிரவுன் அண்ட் ஷார்ப் டேப்பர் இருக்கும். அதற்கு ஹோல்டர் தேடுவது தனி வேலை.

ஒரு டன் இரும்பை வைக்க வழியில்லாதவர்கள் உருளைத் தூணை விட்டுவிட்டு, டவ்டெயில் (புறாவால் வடிவ ஸ்லைடு) தூண் கொண்ட ஆர்எஃப்-45 போன்ற மில்-டிரில்லைத் தேட வேண்டும். உருளைத் தூண் வகையைவிட எடை அதிகம்தான், ஆனால் ஹெட்டை உயர்த்தினாலும் மையம் பெரிதாக விலகாது. அதை வாங்கும்போது டேபிளில் ஒரு மூலைமட்டத்தை நிறுத்தி, ஸ்பிண்டிலில் மாட்டிய டயல் கேஜை அதன்மேல் தொடவைத்து, ஹெட்டை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். பிறகு லாக்கை இறுக்கும்போது முள் எவ்வளவு அசைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். லாக்கில் முள் துள்ளினால், முதலில் தூணின் ஜிப்பை இறுக்கிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்து காட்டும்படி விற்பவரிடம் கேட்கலாம்.